பீன்ஸ் சுருண்ட வருஷம்

எங்க இயற்கை விவசாயக் குழுவுல அவளுக்குப் பேரு பம்பரம். ஸ்கூட்டரை அணைக்காமலே வயலுக்குள்ள இறங்குவா. உக்காருன்னா "இருக்கட்டும்ண்ணே"ம்பா. டீ கொடுத்தா, தம்ளரைத் திரும்ப வாங்க என் வீட்டுக்காரி வரப்பு வரைக்கும் பின்னாலயே ஓடணும். முன்னாடி பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருந்தவ. பதினோரு வருஷம் நின்னுக்கிட்டே வேலை பாத்த காலு, எப்படி மடங்கும்?

இவதான் எனக்குத் துணை விவசாயி. என்னைவிடப் பதினேழு வயசு சின்னவ. நான் முப்பது வருஷம் மருந்தடிச்சே பயிர் வளத்தவன். எனக்கு இவ சொல்லிக் கொடுக்கறதான்னு முதல் நாளே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டேன். அவ கண்டுக்கவே இல்ல. குனிஞ்சு என் மண்ணை ஒரு பிடி அள்ளி மோந்து பாத்துட்டு, இதுல மண்புழு ஒண்ணுகூட இல்லையேண்ணேன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா நிஜமாவே ஒண்ணுகூட இல்ல.

குழுவோட சட்டம் இதுதான். மருந்து, ரசாயன உரம் எல்லாத்தையும் விட்டு மூணு வருஷம் தாண்டினாத்தான் இயற்கை விளைச்சல்னு சான்று கிடைக்கும். நடுவுல ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தத் துண்டு நிலத்துக்கு மறுபடி முதல் நாள்லேர்ந்து கணக்கு. அதிகாரி யாரும் வந்து பாக்க மாட்டாங்க. தாண்டினவங்க ஒருத்தர், புதுசா வர்றவங்களுக்குத் துணையா மாசாமாசம் வந்து வயலைச் சுத்தி, படிவத்துல இருக்கற கேள்வியெல்லாம் கேட்டுக் கையெழுத்துப் போடணும். முதல் கேள்வியே, 'போன மாசம் ஏதாவது அடிச்சீங்களா?' அதை அவ டிக்கெட் டிக்கெட்னு கேக்கற குரல்லயே கேட்டு முடிச்சிடுவா.

ரெண்டாவது வருஷம் விளைச்சல் பாதியா விழுந்துச்சு. பக்கத்து வயல்காரன் என் மச்சான். வரப்புல நின்னு வாய் வலிக்கச் சிரிச்சான். வீட்டுக்காரி சிரிக்கல. "மூணு வருஷம் பொறுத்துக்கறேன். நாலாவது வருஷம்னு வாயத் திறந்தீங்க, மருந்துக்கடைக்கு நானே போவேன்"ன்னு சொல்லிட்டா. அவ சொன்னா சொன்னதுதான். அதனால நாள்காட்டியைப் பாத்துப் பாத்தே அந்த மூணாவது வருஷத்தை ஓட்டினேன்.

ரெண்டு மாசம் பாக்கி இருக்கும்போது பீன்ஸ் சுருண்டுச்சு. கொழுந்து இலையெல்லாம் உள்ளங்கையை மடக்கின மாதிரி. நோயும் இல்ல, பூச்சியும் இல்ல. பம்பரம் வந்தா, பாத்தா, திரும்பிப் போய் ஸ்கூட்டரை அணைச்சா.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. களைக்கொல்லி அடிச்சீங்களா?"

டிக்கெட் கேக்கற குரல் இல்ல அது. என்னைத் திருடன்னே முடிவு பண்ணிட்ட குரல். வெளிய போன்னு கத்தினேன். அவ போனதும் ஆத்திரம் அடங்காம மச்சான்கிட்டப் போய், நீதான் அடிச்சு என் பக்கம் காத்துல விட்டேன்னு சண்டை பிடிச்சேன். அவன் ரெண்டு மாசமா மருந்தடிக்கற பம்பைத் தொடவே இல்லையாம், பம்பு உடைஞ்சு கிடக்கு. அதையும் கொண்டாந்து காட்டினான். மானமே போச்சு.

மறுநாள் காலையில ஒண்ணும் நடக்காத மாதிரி மூணு தொட்டியோட வந்து நிக்கறா. ஒண்ணுல என் வயலோட மறுகோடி மண். ரெண்டாவதுல பீன்ஸ் போட்ட மண். மூணாவதுல அந்தத் துண்டுக்குப் போட்ட சாணி எருவுல மிச்சம். ஒவ்வொண்ணுலயும் நாலு விதை ஊனி, எங்க பின்கட்டு ஜன்னல்ல வெச்சா. களைக்கொல்லி இருந்தா கண்ணுக்குத் தெரியாது, பீன்ஸ் காட்டிக் கொடுத்துடும்னா.

ரெண்டு வாரம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து எட்டிப் பாப்பா. நடுவுல நான் ஒரு பத்துத் தடவை. சோறு இறங்கல, ஒரு இடத்துல இருப்புக் கொள்ளல. நல்லா இருந்த மனுஷனுக்கும் பம்பரம் ஒட்டிக்கிச்சுன்னு வீட்டுக்காரி தலையில அடிச்சுக்கிட்டா.

முதல் தொட்டி நிமிந்து வந்துச்சு. ரெண்டாவது சுருண்டுச்சு. எரு போட்ட மூணாவது முறுக்கிக்கிட்டே வந்துச்சு.

அந்த எருவைக் கொண்டாந்து கொடுத்தவளே பம்பரம்தான். ஒரு மாட்டுப் பண்ணையிலேர்ந்து ரெண்டு வண்டி வாங்கி, ஒண்ணை எனக்குன்னு இறக்கிட்டுப் போனா. அங்க நின்னபடியே பண்ணைக்காரனுக்குப் போன் போட்டா. மாட்டுக்குப் போட்ட காய்ஞ்ச புல்லு, அகல இலைச் செடியை மட்டும் கொல்ற களைக்கொல்லி அடிச்ச நிலத்துலேர்ந்து வந்ததாம். புல்லுக்கும் ஒண்ணும் ஆகாது, மாட்டுக்கும் ஒண்ணும் ஆகாது, சாணி வழியா அப்படியே வெளிய வந்துடும். போனை வெச்சுட்டு, வாங்கும்போது மாட்டுக்கு ஊசி போடறீங்களான்னு கேட்டேன், எத்தனை மாசம் மக்கவெச்சீங்கன்னு கேட்டேன், மாடு என்ன திங்குதுன்னு கேக்காம விட்டேனேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா.

இன்னொரு வண்டி அவ வயல்ல பாதிக்குப் போயிருந்துச்சு. அங்க மக்காச்சோளம், புல்லு இனம், அதுல ஒண்ணும் தெரியாது. யாருக்கும் என்னைக்கும் தெரியாது. எட்டு வருஷமா வெச்சிருந்த சான்று.

நான் மெதுவாச் சொன்னேன், பீன்ஸைப் பிடுங்கி மக்காச்சோளம் போட்டுடறேன், நீ கையெழுத்தைப் போடு, நமக்குள்ளயே இருக்கட்டும்னு. சொல்லும்போதே என் மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு, ஆனாலும் சொன்னேன். அவ வாசலுக்கும் கொல்லைக்கும் நாலு நடை நடந்தா. அப்புறம் எங்க சமையக்கட்டுத் தரையில உக்காந்துட்டா. மூணு வருஷத்துல அன்னைக்குத்தான் அவ உக்காந்து பாத்தேன்.

"உங்களைத் திருடன் மாதிரி கேட்டேன். நீங்க அடிக்கலண்ணே. அடிச்சது நான்."

குழுக் கூட்டத்துல அதையே எழுந்து நின்னு சொன்னா. அவ பாதி வயலுக்கும் என் பீன்ஸ் துண்டுக்கும் மறுபடி முதல் நாள்னு எழுதினாங்க. வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நான் மென்னு முழுங்கினேன். வீட்டுக்காரி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்புறம், "நாலாவது வருஷம்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தத் துண்டுக்கு முதல் வருஷம்னு சொல்லுங்க"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

என் மீதி நிலத்துக்குச் சான்று கிடைச்ச அன்னைக்கே, பம்பரத்தோட பாதி வயலுக்கு யாரு துணைன்னு கேள்வி வந்துச்சு. அவ என்னைக் கை காட்டினா. எல்லாரும் சிரிச்சாங்க, அவ சிரிக்கல.

முதல் மாசம் படிவத்தோட போனேன். ஸ்கூட்டரை அணைச்சு நிறுத்திட்டு வரப்புல காத்துக்கிட்டிருந்தா. வயலைச் சுத்திட்டு, ரெண்டாவது கேள்வியிலேர்ந்து ஆரம்பிச்சேன்.

"முதல் கேள்வியை விட்டுட்டீங்கண்ணே."

உன்கிட்டப் போய் அதைக் கேக்கணுமான்னேன். கேளுங்கன்னா. படிவத்தைப் பாத்துக்கிட்டே கேட்டேன்.

"போன மாசம் ஏதாவது அடிச்சியா தங்கச்சி?"

"இல்லண்ணே."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கேள்வியைக் கேக்கறவங்களுக்கும் எவ்வளவு வலிக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.