மறிக்க ஆளில்லாத ஸ்டேசன்

லண்டனில், சட்டன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரயில் ஸ்டேசன். டிக்கெட் ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். வாசலில் கேற் இல்லை, ஏனென்று கேட்க ஆளுமில்லை. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒரு விளக்கு விட்டுவிட்டு எரியும். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மா ஊரிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். பின்னேரங்களில் காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். பார்க்குக்குப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் தமிழ்க் கடையில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, என் அம்மா தினமும் ஸ்டேசனில் நின்று ரயிலேறும் பெடியன்களை உற்றுப் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். எனக்கு மானம் போய்விட்டது. எடுத்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு நேரே ஸ்டேசனுக்குப் போனேன்.

பிளாட்ஃபாரத்தில் அம்மா தனியே நின்றார். ரயில் வந்தது. முதுகில் பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஏறினான். அம்மா ஜன்னல் ஜன்னலாக அவனோடு கூடவே நடந்து, அவன் உட்கார்ந்ததைக் கண்ட பிறகுதான் நின்றார். அவன் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரயில் போன பிறகும் அம்மா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? ஊரே சிரிக்கிறது, உங்களுக்கென்ன விசரா என்று கத்தினேன்.

அம்மா கோபிக்கவில்லை.

"அண்டைக்குக் கேற்றில நிண்ட ஆமிக்காரன் என்னை உள்ளுக்கு விடேல்லை, பிள்ளை. தம்பி ஏறினதை நான் காணேல்லை. இங்க மறிக்க ஒருத்தரும் இல்லை."

என் தம்பியைத்தான் சொன்னார். எண்பதுகளில் கொழும்புக்குப் போகவென்று யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்கு அம்மா கூட்டிக்கொண்டு போன பிள்ளை. கொழும்பில் காத்திருந்த மாமாவிடம் அவன் போய்ச் சேரவேயில்லை. ஏறினானா, ஏறுமுன்பே பிடித்தார்களா, வழியில் இறக்கினார்களா, ஒன்றும் தெரியாது. செத்தவீடு செய்யவும் மனம் வராமல், வருவான் என்று சொல்லவும் வாய் வராமல் வருடக்கணக்காக இருந்தோம். கேற்றில் மறித்த கதையைப் பற்றி அம்மா அதுவரை மூச்சு விட்டதில்லை.

அதன் பிறகு நான் தடுக்கவில்லை. காலையில் நான் வேலைக்குப் போகும்போதும் கூட வரத் தொடங்கினார். ஏறியதும் நான் ஜன்னலில் முகத்தைக் காட்ட வேண்டும். ஒருநாள் சனநெரிசலில் காட்ட முடியாமல் போய்விட்டது. வேலையிடத்திலிருந்து நான் டெலிபோன் எடுக்க, என் குரலைக் கேட்டபிறகே அம்மா தண்ணீர் குடித்தார்.

தொண்ணூறுகள் முடியுமுன் அம்மா காலமானார். நான் அந்த ஸ்டேசனில்தான் தொடர்ந்து ஏறினேன். பிளாட்ஃபாரத்தில் ஒரு காகம்கூட இருக்காது. ஆனால் ரயில் அசையும்போது வெளியே யாரோ ஜன்னல் ஜன்னலாக நடந்து வருவது போலிருக்கும். முகத்தைக் காட்டிவிட்டுத்தான் உட்காருவேன்.