பூட்டியிருந்த அறை

மயிலாப்பூரில் எங்கள் இரண்டாவது மாடி ஃப்ளாட்டை விற்க முயன்றபோது நடந்தது இது. என் கணவரின் தம்பி முரளிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டாலும் மனசு குழந்தை மாதிரி. படியேற அவன் சிரமப்பட்டதால்தான், இதை விற்றுவிட்டுப் பாலவாக்கத்தில் தரைவீடாகப் பார்க்க நினைத்தோம்.

வீடு பார்க்க வருகிறவர்கள் அவனைக் கண்டு தயங்குவார்களோ என்று எனக்குப் பயம். "கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருப்பா" என்று அவனை ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவேன். "அதுல பழைய சாமான் கிடக்கு" என்று வந்தவர்களிடம் சொல்வேன். எல்லோருக்கும் காற்றும் வெளிச்சமும் பிடிக்கும். ஆனால், ஒருவரும் திரும்பி வரவில்லை.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. ஒரு நாள், வந்தவர்களை அனுப்பிவிட்டுத் தரகர் மட்டும் தயங்கி நின்றார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அந்த ரூம்பு ஏன் எப்பவும் பூட்டியே கீது? உள்ள யாராச்சும் தூக்கு மாட்டிக்கினாங்களான்னு பார்ட்டிங்க என்னைக் கேக்கறாங்க."

அவர் எதிரிலேயே கதவைத் திறந்தேன். தலை வாரி, தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான் முரளி.

"அண்ணி, நான் சத்தமே போடல. வீட்டை வாங்கிட்டாங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த குடும்பத்துக்கு அவன்தான் வீட்டைச் சுற்றிக் காட்டினான். அவர்களே வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது பாலவாக்கத்தில் இருக்கிறோம். யார் வந்தாலும் முதலில் முரளியைத்தான் அறிமுகம் செய்கிறேன். ஆனால், வாசலில் மணி அடித்தாலே அவன் தானாக எழுந்து உள்ளே போய்விடுகிறான். ஒவ்வொரு முறையும் நான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியிருக்கிறது.