காலரோடு நின்ற சட்டை

ஆடைத் தொழிற்சாலையின் தேய்ப்புக் கூடத்தில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் தலைகாட்டும்.

முன்பெல்லாம் அவள் முழுச் சட்டை தேய்த்தவள். காலர், தோள், கை, முதுகு என எல்லாம் ஒரே ஆள்தான். இஸ்திரிப் பெட்டி பிணக்கனம் கனக்கும். சாயங்காலம் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கும். அந்தக் காலத்தை அவள் ஒருநாளும் புகழ்ந்ததில்லை, புகழவும் அதில் ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரியோடு ஒரு பாட்டம் சண்டை போடலாம். போட்டுவிட்டு மறுபடி தேய்க்கலாம்.

இப்போது பெட்டி பூப்போல இருக்கிறது. கூடத்தில் ஏசி ஓடுகிறது. வலப்பக்கமிருந்து சட்டை வரும். காலரை மட்டும் தேய்த்து இடப்பக்கம் நீட்டினால் கைகளைத் தேய்ப்பவள் வாங்கிக்கொள்வாள். கொஞ்சம் தாமதித்தால் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். மூக்கு அரித்தால்கூட எப்போது சொறிவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

"இப்ப வேலை பாதியாயிடுச்சேக்கா," என்பார் மேற்பார்வையாளர். அவளும் ஆமாம் என்பாள். அது பொய்யுமில்லை. பிறகு ஏன் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள்? அதுதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை. பஸ் ஓட்டும் கணவரிடம் சொன்னால், "காலர் தேய்க்கிறதுக்கே இந்த அலுப்பா?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது.

அன்று காலை மகளுக்கு வங்கியில் இன்டர்வியூ. பல இடங்களில் தட்டிப்போய்க் கடைசியில் வந்த அழைப்பு. இருப்பதோ ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. "நீயே தேய்ச்சுக் குடும்மா," என்று நீட்டிவிட்டு மகள் குளிக்கப் போனாள்.

அவள் தேய்த்தாள். இடப்பக்கம் இருந்த நாற்காலியில் போட்டாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"என்னம்மா இது?"

மகள் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள். காலர் கத்திபோல் நின்றது. அதற்குக் கீழே எல்லாம் கசங்கல்.

"கழுத்துக்கு மேல மட்டும் இன்டர்வியூ போல," என்று கணவர் சிரித்தார்.

"முழுசாத் தேய்ச்சேனே," என்றாள் அவள். சத்தியமாகத் தேய்த்ததாகத்தான் அவளுக்கு நினைவு. தேய்த்து முடித்த நிம்மதிகூட இருந்ததே.

மகள் உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்து சட்டையைத் தந்தாள். அவள் மேசையில் விரித்தாள். கை நேராகக் காலருக்குப் போனது. ஏற்கெனவே விறைப்பாக நின்ற காலரை மறுபடி அழுத்தித் தேய்த்தது.

"அம்மா, காலர் ஆச்சு. கையைத் தேய்."

தெரியும் என்பதுபோல் தலையாட்டினாள். காலருக்கு அடுத்து எது, தோளா கையா? எத்தனை வருஷம் தேய்த்த சட்டை! ஒன்றும் ஓடவில்லை. நேரமாகிறதே என்ற பதற்றத்தில் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அங்கே மின்விசிறி மட்டும்தான் சுற்றியது. அவளுக்குப் பயமாக இருந்தது. கணவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

சட்டையை எடுத்து இடப்பக்கம் நீட்டினாள். அங்கே நின்றிருந்த மகள் வாங்கிக்கொண்டு, பெட்டியையும் எடுத்துத் தானே சட்டைக்கையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அம்மாவின் வலது கை அடுத்த சட்டைக்காக நீண்டபடியே இருந்தது.