கத்தரிப்பூ நிற டயல்

பனியில் கால் வழுக்கும் எங்கள் சுவிஸ் கடிகார ஊரான லா ஷோ-டெ-ஃபோனில் பெரியவர்கள் யாரும் ஓடுவதில்லை. ஆனால் அந்த நவம்பர் ஞாயிறன்று, கைக்கடிகாரச் சந்தை நடந்த கூடத்துக்குள், ஐம்பத்தெட்டு வயது லிலியான் ஓடினாள். என் மனைவி.

பத்தொன்பது வயதில் அவள் கடிகாரத்தின் முகமான டயல் செய்யும் ஆலைக்கு வேலைக்குப் போனாள். டயல்களுக்கு நிறம் ஏற்றும் பிரிவு. அடக்கமாக, வெள்ளை முகத்தோடு கோட்டுக் கைக்குள் ஒளிந்திருந்த, விருந்துக்குக் கட்டும் கைக்கடிகாரங்களுக்குத் திடீரென்று துணிச்சல் வந்த காலம் அது. தொலைக்காட்சிப் பெட்டி போல அகன்ற சட்டம், வைரம் போலப் பட்டை தீட்டிய கண்ணாடி, நடுவிலிருந்து கதிர் விரியும் நீலம், ஓரத்தில் இருள். கட்டியிருப்பவனை விட்டுவிட்டு எல்லோரும் அவன் மணிக்கட்டைப் பார்ப்பார்கள்.

1973 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பிரிவே மேய்ச்சல் வெளிக்குக் கிளம்பியது, கங்குக்குள் சாசேஜ் புதைத்துச் சுட்டுத் தின்ன. லிலியான் நாற்பது டயல்களை, நிறம் இறுகச் சுடும் அடுப்பில் மறந்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது நீலம் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. மேலாளர் கத்தித் தீர்த்தார். ஆனால் அனுப்ப வேண்டிய நாள் தாண்டியிருந்ததால் அப்படியே போய்விட்டன. அதன்பின் அவள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அந்த நிறத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல நிறம் ஏறிக்கொண்டே போகிறது என்று நான் சீண்டுவேன்.

அந்த ஞாயிறு, சந்தையில் பீல் நகர வியாபாரி ரெட்டோவின் மேசையில் அந்த நிற டயலோடு ஒரு கடிகாரம் இருந்தது. அவள் சொன்னதெல்லாம் குறைவு. ரெட்டோ அதைத் திறந்து, முட்களைக் கழற்றியிருந்தார். பக்கத்தில் கீறல் விழுந்த ஒரு நீல டயல் தயாராக இருந்தது. வெயிலில் கெட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சரியானதை மாட்டுவதாகப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் லிலியான் ஓடினாள்.

"தம்பி, கைய எடுங்க. அது நான் சுட்டது."

"மேடம், கேட்டலாக்ல நீலம்தான் இருக்கு. இது வெயில்ல வெந்தது."

"வெயில்ல இல்ல, அடுப்புல. திருப்பிப் பாருங்க, பின்னாடி சின்ன ஏணி இருக்கும்."

எங்கள் ஆலைகளில் ஒவ்வொருவரும் டயலின் முதுகில் தன் குறியை ஊசியால் கீறுவது வழக்கம். ரெட்டோ இடுக்கியால் டயலைத் தூக்கி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தினார். கண்ணாடியை என்னிடம் நீட்டினார். இரண்டு கோடு, மூன்று படி. நடுப்படி கோணல்.

தூக்கிப் போடவிருந்ததுதான்; ஆனால் அரிய பொருள் என்று தெரிந்தபின் சும்மா தர அவருக்கு மனமில்லை. நீல டயல் கடிகாரம் கேட்டு ஒருவர் மாலையில் வருகிறாராம், கீறலில்லாத நீலம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாமாம். லிலியான் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் இடது கையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அதே மாதிரிக் கடிகாரம், கீறலில்லாத நீலம்.

"எர்வே, கழட்டு."

"இது நீ கல்யாணத்துக்குக் குடுத்தது."

"அதனாலதான் கேக்குறேன். என் கையால ஒழுங்கா வந்தத இத்தன வருஷம் கட்டிக்கிட்ட. தப்பா வந்ததையும் கட்டிப் பாரு."

ரெட்டோ சிரித்துவிட்டார். "குடுத்துருங்க சார். இவங்க விடமாட்டாங்க."

டயலுக்கு டயல் மாற்றிக்கொண்டோம். என் கடிகாரத்தில் அவர் முட்களை அழுத்திப் பொருத்தும் வரை அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, என் கையில் கட்டினாள். வீடு வரும்வரை வெயில் விழுந்த இடத்திலெல்லாம் என்னை நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னாள். கருநீலத்திலிருந்து திராட்சை மதுவின் சிவப்பு எழுந்து வந்தது. ஞாயிறு உலாவுக்கு எதிரே வந்த தபால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவளுக்கு அது போதவில்லை. ரொட்டிக்கடைக்காரியிடமும் காட்டச் சொன்னாள்.

என் விரல்களை நம்பாமல் தினமும் காலையில் அவளேதான் அதற்குச் சாவி கொடுத்தாள். அவளை அடக்கம் செய்த இந்தப் பிப்ரவரியிலிருந்து நான் கொடுக்கிறேன். இருபத்தைந்து சுற்று. அதற்கு மேல் ஒன்று திருகினாலும் திட்டுவாள்.