மதினிக்கு வந்த செம்பு நிற வாட்ச்

அண்ணன் புதிதாகக் கைக்கடிகாரம் வாங்கினால் பழையது மதினியின் கைக்கு வரும். முதலில் வந்தது வெள்ளை டயல். பீங்கான் தட்டுப் போல வழவழவென்றிருக்கும். அடுத்தது வெள்ளி நிறம். மூன்றாவது செம்பு நிறம். வெயில் பட்டால் கொய்யாப்பழத்தின் உள்சதை போல இளஞ்சிவப்பாகத் தெரியும். எல்லாமே தங்கக் கூடு போட்ட சீமை வாட்ச்சுகள். ஆண்களுக்காகச் செய்த அந்தப் பெரிய வட்டம் மதினியின் மெலிந்த மணிக்கட்டில் நிற்காது. தோல்வாரில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டு அண்ணனே கட்டிவிடுவார்.

பெரியகுளத்தில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த துரைமார்களிடம் சரக்கெடுக்கப் போகும் அண்ணன், திரும்பி வந்ததும் காயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர்கள் கையில் என்ன நிறம் இருந்தது என்றுதான் சொல்வார். "வெள்ளையெல்லாம் இப்ப யாரும் கட்டுறதில்ல. செம்புதான்" என்பார். மதுரைக் கடைக்கு உடனே கடிதம் போகும். யுத்தம் வந்ததும் பட்டாளத்து அதிகாரிகள் கட்டிய கறுப்பு டயல் நாகரிகமாயிற்று. அண்ணன் கறுப்புக்கு மாறினார். செம்பு மதினிக்கு வந்தது.

தங்க வாட்ச் கட்டிய பெண்சாதி என்று தெருவே மதினியைப் பார்த்தது. அது எதற்கு என்று வீட்டுக்குள் இருந்த எங்களுக்குத்தான் தெரியும். கோயிலுக்குப் போனால் அரை மணிக்குள் வரவேண்டும். வந்ததும் அண்ணன் தன் கையைப் பார்ப்பார், பிறகு மதினியின் கையைப் பார்ப்பார். நானோ பத்தொன்பது வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். மதினி வெளியே போனால் கூடப் போவது என் வேலை. எங்கே நின்றார், யாரிடம் பேசினார் என்று அண்ணன் கேட்பார், ஒன்றுவிடாமல் சொல்வேன். எனக்குப் போக வேறு இடமில்லை. அது மதினிக்கும் தெரியும். ஒருநாளும் என்னைக் கடிந்துகொண்டதில்லை.

அந்த வருஷம் மார்க்கையன்கோட்டையில் மதினியின் அம்மா படுத்த படுக்கையானார். போய்ப் பார்த்துவிட்டு சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட வேண்டும் என்று அண்ணன் உத்தரவு. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கவே மத்தியானமாகிவிட்டது. மதினி கஞ்சி ஊட்டத் தொடங்கினார். பாதிக் கிண்ணம்கூட ஆகவில்லை. வாட்ச்சைப் பார்த்தார், கிண்ணத்தைக் கீழே வைத்தார். அம்மா அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான ஆத்தா வந்த" என்றார். மதினி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இருங்க மதினி. காலையில போவம். பஸ் வழியில நின்னுபோச்சுன்னு அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஒனக்கு எதுக்குத் தாயி வம்பு?" என்றார். ஆனால் உட்கார்ந்துவிட்டார். மீதிக் கஞ்சியையும் அம்மா குடித்தார்.

மறுநாள் வீடு திரும்பியதும் நான் சொன்னதை அண்ணன் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அங்கன எந்த பஸ்ஸும் நிக்கல. ஏஜெண்ட்ட விசாரிச்சுட்டேன். என் சோத்தத் தின்னுட்டு எங்கிட்டயே பொய் சொல்றியா?" என்றார். என்னை அடிக்கவில்லை. மதினியின் கையைப் பிடித்து வாரை அவிழ்த்தார். "இனிமே வெளிய போற சோலியே ஒனக்கு இல்ல. மணி எதுக்கு?"

வார் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. மதினி அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அதன்பின் கோயிலும் இல்லை.

பத்தாம் நாள் இழவுச் செய்தி வந்தது. அண்ணனே வாடகைக் கார் பிடித்துக் கூட்டிப்போனார். பிரேதத்தை எடுத்து முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு வந்ததும் உள்ளே வந்து, கறுப்பு டயலைத் தட்டிக் காட்டினார்.

"நேரமாச்சு, கெளம்பு."

மதினி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வெறுங்கையை நீட்டினார்.

"எங்கிட்டத்தான் மணி இல்லையே. பதினாறு முடியட்டும், வாரேன்."

உறவுச்சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணனின் முகம் சுண்டிப்போயிற்று. மதினிக்குக் காவலாக என்னை விட்டுவிட்டுப் போனார்.

இப்போது தேனிக் கடைகளில் நீலமும் பச்சையுமாக டயல்கள் வந்திருக்கின்றன. யாராவது நிறுத்திக் காட்டினால் பார்க்கிறேன், பிடிக்கிறதா என்று கேட்டால் மணி பார்க்காமல் இருந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பதினாறு நாளும் நாங்கள் வாய்க்காலில் ஆசைதீரக் குளித்தோம். பசித்தபோது சாப்பிட்டோம். ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை; யாரிடமும் நான் எதையும் ஒப்பிக்கவில்லை. தாயைப் பறிகொடுத்த வீட்டில் அப்படி இருந்ததற்காக இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

பதினேழாம் நாள் கார் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அண்ணன் வீட்டை விட்டால் இருவருக்கும் வேறு வீடில்லை. சின்னமனூர் தாண்டியது. மதினி டிரைவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"பதினாறு நாள் போதாதுதான் தாயி. ஆனா இருந்தோம்ல."