டோக்யா மலை ஏறிய சலாவுதீன்

சலாவுதீனுக்கு எதைக் கண்டு பயமில்லை என்று கேளுங்கள், சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். தாராவியில் அவருடைய பை தைக்கிற பட்டறை மாடியில் இருக்கிறது. முப்பது வருஷமாக ஏறுகிற இரும்பு ஏணிதான். இன்றைக்கும் பிஸ்மில்லா சொல்லாமல் அதில் கால் வைக்கமாட்டார். மழைக்காலத்தில் சுவிட்சைக் குச்சியால்தான் தட்டுவார். "ஒங்க வாப்பா தன் நெழலுக்கே வழிவிட்டு ஒதுங்குற ஆளு," என்று அவர் மனைவி பீவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு அல்லா கொடுத்த ஒரே மகள் பரீஹா. அந்தேரியில் ஆபீஸ் வேலை, ஞாயிறானால் மலை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் வீடு திரும்பும்வரை இவருக்குச் சோறு இறங்காது. போன அக்டோபரில் மலையேறிய ஒரு பையன் பாசியில் வழுக்கி விழுந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து மனுஷன் தூங்கவில்லை. "நானும் வாரேன்," என்றார். "அரே வாப்பா, நீங்களா!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு போனாள்.

டோக்யா மும்பைக்கு வெளியே, கர்ஜத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன மலை. இரண்டாயிரம் அடி இருந்தால் அதிகம். கீழே நெல்வயல், அப்புறம் தேக்குக்காடு, அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்த ஒரு மேடு. அதன் முடிவில் எண்பது அடிக்கு மொட்டைப் பாறை. பாறையில் கால் வைக்கக் குழி வெட்டியிருக்கிறார்கள். நான்கு மாத மழை குடித்த பாறை அக்டோபரிலும் கசியும். காலையில் மூடுபனி, வெயில் ஏறினால் பள்ளத்திலிருந்து காற்று கிளம்பி ஆளைத் தள்ளும்.

கூட்டத்துக்குத் தலைவன் முலுண்டிலிருந்து வந்த வெங்கி. பரீஹாவையும் இன்னும் மூன்று பேரையும் இடுப்பு பெல்ட் மாட்டி, கயிற்றில் கோத்து முதலில் ஏற்றிவிட்டான். மிச்சமிருந்த ஐந்தாவது பெல்ட்டை இவரிடம் நீட்டினான். "நீங்களும் ஏறுங்கோ அங்கிள்."

சலாவுதீன் தொழில் பழக்கத்தில் பெல்ட்டைத் திருப்பித் தையலைப் பார்த்தார். தையலின் முனையை விரலால் தடவினார்.

மெஷின்காரன் ஒவ்வொருவனுக்கும் தையலை முடிக்க ஒரு விதம் உண்டு. சலாவுதீன் மூன்று தடவை பின்னால் ஓட்டி, கடைசித் தையலைக் கொஞ்சம் சாய்த்து நிறுத்துவார். அந்தச் சாய்வு கண்முன்னே கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விளம்பரப் படத்துக்காரன் ஒருவன் வந்து மலையேறுகிற பெல்ட் தைக்கச் சொன்னான். "கேமராவுக்கு அழகாத் தெரிஞ்சா போதும் பாய். யாரும் தொங்கப்போறதில்ல." இவரும் பழைய பை வார்களின் துண்டுகளை ஒட்டுப்போட்டு, மேலே புதுப்பட்டை மூடி, பருத்தி நூலில் தைத்துக் கொடுத்தார். படம் முடிந்து திரும்பி வந்ததைக் கழிவு மாலோடு சேர்த்து சந்தை வியாபாரியிடம் தள்ளிவிட்டார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர், பாவி மனுஷன், அன்றைக்கு மட்டும் பயப்படவில்லை.

ஏறும்போது கயிறு சும்மா துணைக்குத்தான். இறங்கும்போது உடம்பின் மொத்த பாரமும் பெல்ட்டில்தான். மேலே பரீஹா அதே மாதிரி பெல்ட்டோடு இறங்கத் திரும்பி நின்றாள்.

"பரீஹா! எறங்காதம்மா!"

காற்று பாதியைத் தின்றுவிட்டது. "வாப்பா ஷுரூ ஹோ கயே!" ஆரம்பிச்சிட்டாராம் வாப்பா, அவள் சிரிப்பது கேட்டது. வெங்கியும் சிரித்தான். "ரிலாக்ஸ் அங்கிள், ஒண்ணும் ஆகாது." ஆயிரம் தடவை வீணாகக் கத்திய வாயை ஆயிரத்தோராவது தடவை யார் நம்புவார்கள்?

"நான் தச்சது தம்பி! படத்துக்குத் தச்ச பொய் பெல்ட்டு! ஆளைத் தாங்காது!"

வெங்கியின் முகத்தில் ரத்தம் வற்றியது. அவள் கயிற்றின் கீழ்முனை அவன் கையில், விடவும் முடியாது. சலாவுதீன் செருப்பை உதறிவிட்டுப் பாறையில் கால் வைத்தார். பிஸ்மில்லா சொன்னாரா என்று அவருக்கே நினைவில்லை. கீழே பள்ளம் இருப்பது முதுகுக்குத் தெரிந்தது. ஏறினார். அவள் பாதிப் பாறை இறங்கி, வெளியே சாயத் தொடங்கியபோது கணுக்காலைப் பிடித்துவிட்டார்.

"சாயாதம்மா. பாறையப் புடி. அது நான் தச்சது, நம்பாத."

வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. பாறையைக் கட்டிக்கொண்டாள். அவள் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு குழியிலும் வைத்து வைத்து இறக்கினார். மற்ற மூவரும் கயிற்றை நெஞ்சிலேயே கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

கீழே பெல்ட்டைக் கழற்றினால், வலது பக்கத் தையல் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.  பரீஹா அதைக் கையில் வைத்துக்கொண்டே வெங்கியிடம் திரும்பினாள். "நீ எத்தனை வாங்கின?"

"சந்தையில அஞ்சு."

"வாப்பா, நீங்க எத்தனை தச்சீங்க?"

"இருவது," என்றார் சலாவுதீன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். பனி விலகியிருந்தது. எதிரே மலை, அதன் பின்னால் இன்னொரு மலை. ஞாயிற்றுக்கிழமை, எல்லா மலையிலும் ஆள் ஏறிக்கொண்டிருப்பார்கள்.