வெயில் காணாத வண்டி

“…அதெல்லாம் வெயில்ல கெடக்குற வண்டிக்கு, கேட்டீரா. நம்ம வண்டி வெயிலே கண்டது கெடையாது” என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் கடைக்குள் நுழைந்தேன். சாலைக் கடைத்தெருவில் கார் சாமான் விற்கும் கடை அது. வாசலில் தொங்கிய ஸ்டீயரிங் உறைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்ததில் பேச்சின் முதல் பாதி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கடைக்காரர் விடுகிற ஆள் இல்லை. கையில் ஒரு சின்ன ஸ்பிரே டின்னை வைத்துக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் மறுபடியும் சொன்னார்.

“விளக்கு தேய்ச்சு கழிஞ்சா மேலே இது அடிக்கணும், அண்ணாச்சி. இல்லெங்கில் வெயில் பிடிச்சு பின்னெயும் மஞ்ஞ ஆவும், கேட்டோ.”

மாமா சிரித்தபடி டின்னை அவர் பக்கமே நகர்த்தி வைத்தார். மூன்று உப்புத்தாளும் ஒரு சுருள் டேப்பும் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஒன்பது வயதில் எனக்கு ஒரு சுபாவம் இருந்தது. மற்ற பிள்ளைகள் ஸ்டிக்கர் சேர்த்தார்கள். நான் பெரியவர்கள் பேசுவதைச் சேர்த்தேன். யார் எதைச் சொன்னாலும் தூக்கிப் போட மனம் வராது. என்றைக்காவது உதவும் என்று உள்ளே போட்டு வைத்துக்கொள்வேன். இன்றைக்கும் அந்தப் புத்தி போகவில்லை. அன்று கடையில் கேட்ட இரண்டு பேச்சும் அப்படித்தான் உள்ளே போயின: வெயில் பட்டால் மஞ்சளாகும், மாமாவின் வண்டியில் வெயில் படாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆரியசாலையில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சந்தில்தான். கழக்கூட்டத்தில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்த்தார். வேலையைவிட அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை. அங்கே கார் நிறுத்துவது நிலத்துக்கு அடியில். விருந்துக்கு வந்தவர், பால்காரர், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர், யாராக இருந்தாலும் அவரிடம் மாமா இதைச் சொல்லிவிடுவார். “வண்டிக்குக் குடுக்குற நெழல மனுஷனுக்குக் குடுத்தா சம்பளம் கூடியிருக்கும்” என்று அத்தை முணுமுணுப்பாள். அத்தை என்றால் மாமாவின் பெண்டாட்டி. வாயில் வந்ததை வடிகட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வீட்டுக்கு வந்தாலும் வண்டிக்கு நிழல்தான். தாத்தா காலத்து வத்தல் கிட்டங்கி ஒன்று, மிளகாய் மூட்டை அடுக்கிய கிடங்கு, சந்தின் கோடியில் சும்மா கிடந்தது. வியாபாரம் நின்றாலும் மிளகாய் நெடி நிற்கவில்லை. காரில் ஏறியதும் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவோம். ஆக, காலையில் கிட்டங்கியிலிருந்து கிளம்பிப் பாதாளத்துக்குப் போய், சாயங்காலம் பாதாளத்திலிருந்து கிட்டங்கிக்கு வரும் வண்டி அது. முன்னால் வைத்திருந்த ஆள்தான் நாகர்கோவிலில் திறந்த வெளியில் போட்டுக் காய வைத்துவிட்டார் என்று மாமா சொல்வார். அவர் கைக்கு வரும்போதே இரண்டு முகப்பு விளக்கும் பழைய டீ வடிகட்டி நிறத்தில்தான் இருந்தன.

அந்த ஏப்ரலில் நாகர்கோவில் போய்த் திரும்புகையில் மழையில் இருட்டிவிட்டது. விளக்கு வெளிச்சம் சக்கரத்துக்கு முன்னால் விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டாள்: மே மாதம் தன் தங்கை கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போக வேண்டும், விளக்கு இப்படியே இருந்தால் அவள் பஸ்ஸில் வருவாள். சொந்தமாகக் கார் வைத்திருக்கும் மாப்பிள்ளையின் பெண்டாட்டி பஸ்ஸில் வந்து இறங்குவதா? மாமா அன்றே என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குக் கிளம்பினார்.

விளக்குக்குள் பூந்து மஞ்சளைத் துடைக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மஞ்சள் உள்ளே இல்லை, வெளியே பிளாஸ்டிக்கின் தோலில் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு. பெயிண்டில் படாமல் இருக்க விளக்கைச் சுற்றி டேப் ஒட்டினார். முரட்டுத் தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேய்த்தார். நான் குவளையால் தண்ணீர் ஊற்ற ஊற்ற, மோர் மாதிரி மஞ்சள் நீர் வழிந்தது. அடுத்து கொஞ்சம் மெல்லிய தாள். கடைசியாகத் தொட்டால் துணி போல இருந்த தாள். துடைத்துப் பார்த்தால் விளக்கு முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. முன்னாலாவது மஞ்சளாகத் தெரிந்தது. இப்போது உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. மாமாவின் முகமும் அதே நிறத்துக்கு வந்தது.

“கண்ணே போச்சா?” என்றாள் அத்தை.

“சும்மா இரிட்டி. இனிமேத்தான் வேலையே இருக்கு.”

வீட்டிலிருந்த பற்பசையை முழுசாகப் பிதுக்கித் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தார். நாளையிலிருந்து வண்டிதான் பல் தேய்க்கும், நமக்கெல்லாம் உமிக்கரிதான் என்றாள் அத்தை. தேய்க்கத் தேய்க்க வெள்ளை விலகியது. உள்ளே பளபளவென்று கண்ணாடிக் கிண்ணமும் அதன் நடுவில் பல்பும் தெரிந்தன. வலது விளக்கை மாமாவே செய்தார். இடது விளக்கின் பற்பசை வேலையை என்னிடம் கொடுத்தார். அன்று சாயங்காலம் கிட்டங்கிச் சுவரில் இரண்டு வெள்ளை வட்டம் விழுந்தபோது அவற்றில் ஒன்று என்னுடையது. கல்யாணத்துக்கு அத்தை காரில்தான் போனாள்.

ஜூலையில் மாமாவுக்கு வேலை போயிற்று.

இதை நான் தெரிந்துகொண்டது கல்லூரிக்குப் போன பிறகு. அப்போது எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. அத்தைக்கும் தெரியாது. ஒருநாள் கூப்பிட்டுக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வேறு இடம் கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று மாமா நினைத்திருக்கிறார். ஒரு வாரத்தில் கிடைக்கும் என்று முதல் வாரம் நினைத்தார். பிறகு வாரங்கள் போய்விட்டன. தினமும் எட்டரைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு, அத்தை கட்டிய சோற்றோடு, வழக்கம்போல வண்டியை எடுத்தார். காலையில் இரண்டு மூன்று கம்பெனி ஏறி இறங்குவார். பிறகு கடற்கரைக்குப் போய், மரங்கள் நிற்கும் ஓர் ஓரத்தில், பாதி நிழலிலும் பாதி வெயிலிலுமாக வண்டியைக் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பார். வீட்டில் சம்பள நாள் தவறவில்லை. கையிருப்பு அந்த வேலையைச் செய்தது. பெண்டாட்டி முன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிட்டங்கிக்குப் போனேன். மாமா முகப்பு விளக்கின் முன் குந்தியிருந்தார். அதே உப்புத்தாள், அதே தண்ணீர்க் குவளை. வாசலோரம் அத்தை முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“மறுபடியும் மஞ்சளாயிட்டா மாமா?”

“லேசா.”

நான் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். லேசாக இல்லை. ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. வலது விளக்குதான் மஞ்சள். என் விளக்கு ஏப்ரலில் விட்டதுபோல அப்படியே இருந்தது. எங்கள் மொட்டைமாடியில் ஒரு நீல வாளி உண்டு. தெற்குப் பக்கம் வெளுத்து, சுவரோரப் பக்கம் நீலமாகவே இருக்கும். அது நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்பதால்தான் அப்படி என்று நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

“ஒரு பக்கம் மட்டும் எப்பிடி மாமா ஆவும்?”

“வண்டின்னா ரோட்டுல ஓடும். ஓடும்போது வெயில் படும்.”

“அப்ப ரெண்டுலயும்தான படணும்.”

மாமா தாளை நனைத்தார். “ஏப்ரல்ல நீ ஒழுங்காத் தேய்ச்சிருக்க மாட்ட.”

எனக்குச் சுருக்கென்று ஆயிற்று. “நான் தேய்ச்சது எடது. இது நீங்க தேய்ச்சது.”

அத்தை சிரித்தாள். “நல்லாக் கேளுட்டி. பெரிய மெக்கானிக்கு.”

அந்தச் சிரிப்பு எனக்குக் கொம்பு சீவிவிட்டது. சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் வெளியே எடுத்தேன். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன், அவருடைய கேட்டோவையும் விடாமல். மாமா அவருக்குச் சொன்ன பதிலைச் சொன்னேன். நீல வாளியைச் சொன்னேன். கடைசியில், வகுப்பில் டீச்சரைக் கேட்பதுபோலக் கேட்டேன்:

“தெனம் ஒரே எடத்துல வெயில்ல நின்னாத்தான இப்பிடி ஆவும்? ஒங்க ஆபீஸ்ல நெலத்துக்கு அடியில வெயில் எப்பிடி மாமா வரும்?”

மாமாவின் கை விளக்கின் மேல் நின்றது. என் கேள்வி நல்ல கேள்வி என்று அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் யோசிக்கிறார், இப்போது அருமையான பதில் ஒன்று வரும், அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். முறத்தில் கீரை உருவும் சத்தமும் நின்றிருந்தது.

அத்தை எழுந்து வந்தாள். விளக்கைப் பார்த்தாள். பிறகு இடது விளக்கை. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் கிடக்கும் பள்ளத்தில் விரலை விட்டு எதையோ எடுத்தாள். ஊசி ஊசியாகக் காய்ந்த சவுக்கு இலை. நான்கைந்தை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஆரியசாலையில் சவுக்கு மரம் கிடையாது. கழக்கூட்டத்தில் நிலத்துக்கு அடியிலும் கிடையாது. அது அவள் கணக்கு. நான் அந்தக் கணக்குக்கு வரவில்லை. வண்டியில் குப்பை சேர்ந்ததற்கு மாமாவுக்கு ஏச்சு விழப்போகிறது என்று மட்டும் நினைத்தேன்.

ஏச்சு விழவில்லை. வடிகட்டாமல் பேசுகிற அத்தை அன்று எதையோ விழுங்கிவிட்டுப் பேசினாள். இலைகளைக் கீழே போடாமல் முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

“எத்தன நாளா?” என்றாள்.

மாமா திரும்பவில்லை. “ஜூலைலேர்ந்து” என்றார் விளக்கிடம்.

மஞ்சள் விழத் தொடங்கிய மாதத்தைச் சொல்கிறார்கள் என்று நானும் மனசுக்குள் விரல் விட்டு எண்ணினேன். ஆறு மாதம். கடைக்காரர் சொன்னது சரிதான்.

அத்தை என் கையிலிருந்த தண்ணீர்க் குவளையை வாங்கினாள். சேலையைச் செருகிக்கொண்டு மாமாவின் பக்கத்தில் குந்தினாள்.

“இனிமேயாவது நெழலாப் பாத்து நிறுத்துங்க” என்றாள்.

விளக்கின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள். மாமா தேய்த்தார். மஞ்சள் வழிந்து, வெள்ளை வழிந்து, கடைசியில் வெறும் தண்ணீர் வழிகிற வரைக்கும் தேய்த்தார். பிறகு எழுந்து, எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டியபடி இடது விளக்குக்குப் போனார். அதில் தேய்க்க ஒன்றும் இல்லை, அது நான் தேய்த்தது, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். மாமா குந்தி உட்கார்ந்து அதையும் தேய்க்கத் தொடங்கினார்.